எர்விங் கோஃப்மன்

எர்விங் கோஃப்மன் (ஜூன் 11, 1922 – நவம்பர் 19, 1982) கனடாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் ஆவார். ஒருவரது அடையாளம் அவருக்குள்ளேயே நிலைத்திருக்கும் பொருளன்று. பிறருடன் பேசியும் பழகியும் நாள்தோறும் உருவாக்கப்படுவது, பிறரது ஒத்துழைப்பு இன்றேல் குலையக்கூடியது என்பது இவரது ஆய்வுகளின் மையக் கருத்து ஆகும்.

இளமையும் கல்வியும்

கோஃப்மன் ஆல்பர்ட்டா மாகாணத்தின் மான்வில் என்னும் சிற்றூரில், உக்ரைனிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1939 இல் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலத் தொடங்கிய இவர், இடையில் கல்வியை நிறுத்தி ஒட்டாவாவில் தேசியத் திரைப்பட வாரியத்தில் சில காலம் பணிபுரிந்தார். பின்னர் சமூகவியலுக்கு மாறி, 1945 இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1949 இல் முதுகலைப் பட்டமும் 1953 இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஷெட்லாந்துத் தீவு ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வுக்காக, 1949 க்கும் 1951 க்கும் இடையில் ஓராண்டு காலம் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான அன்ஸ்ட்டில் தங்கினார். தீவின் வேளாண் பொருளாதாரத்தில் ஆர்வமுள்ள அமெரிக்க மாணவர் என்றே அங்கு தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். உண்மையில் அவர் கவனித்தது தீவு மக்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகும் முறையையே. விடுதியின் உணவுக்கூடத்தில் விருந்தினர்முன் பணிவும் ஒழுங்கும் காட்டிய பணியாளர்கள், சமையலறைக்குள் நுழைந்ததும் தீவின் இயல்பான பழக்கங்களுக்குத் திரும்பினர். அங்கே ஈரக் காலுறைகள் கொதிகெண்டியின் மேல் உலர்த்தப்பட்டன. இத்தகைய காட்சிகளிலிருந்தே முன்மேடை, பின்மேடை என்னும் கருத்துருக்களை இவர் விளக்கினார். இவற்றைக் கொண்ட அன்றாட வாழ்வில் தன்னை முன்வைத்தல் என்னும் நூல் 1956 இல் எடின்பரோவிலும், விரிவாக்கப்பட்டு 1959 இல் அமெரிக்காவிலும் வெளியானது.

மனநல மருத்துவமனை ஆய்வு

1955–56 இல் வாஷிங்டனில் 7000 க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்த செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில், விளையாட்டுத்துறை உதவியாளராக இருந்துகொண்டு நோயாளிகளின் அன்றாட வாழ்வை ஆராய்ந்தார். உள்ளே நுழைபவரின் சொந்த உடையும் உடைமைகளும் பறிக்கப்படுகின்றன. அவர் கோபப்பட்டாலும் அமைதி காத்தாலும் அது நோயின் அறிகுறியாகவே கொள்ளப்படுகிறது. இவ்வாறு, தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளும் வழிகள் அவருக்கு ஒவ்வொன்றாக அடைக்கப்படுகின்றன. சிறை, படைமுகாம், துறவு மடம் ஆகியவற்றிலும் இதே போக்கைக் கண்ட கோஃப்மன், இவற்றை முழுமை நிறுவனங்கள் என அழைத்தார். 1961 இல் வெளியான இந்நூல், பெரிய மனநல மருத்துவமனைகளின் தேவை பற்றிய விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. தாம் நோயாளிகளின் பக்கம் சாய்ந்து எழுதியதை இவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

இவரது மனைவி அஞ்செலிக்கா உளநோயால் துன்புற்று 1964 இல் இறந்தார். 1969 இல் கோஃப்மன் எழுதிய கட்டுரை ஒன்று, உளநோய் ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தத்தம் இடம் பற்றிக் கொண்டுள்ள புரிதலையே எவ்வாறு குலைக்கிறது என்பதை விளக்கியது. மருத்துவமனையை நோயாளியின் கண் கொண்டு பார்த்தவர், இக்கட்டுரையில் வீட்டாரின் நிலையையும் எழுதினார். இக்கட்டுரையில் அவரது சொந்த வாழ்வின் சாயல் உள்ளதாகப் பலரும் கருதுகின்றனர்.

மொழி பற்றிய ஆய்வுகள்

உரையாடலில் ஒவ்வொருவரும் தமது மதிப்பையும் எதிரிலிருப்பவரின் மதிப்பையும் சேர்த்தே காக்கின்றனர் என 1955 இல் இவர் எழுதினார். பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் இக்கருத்தைக் கொண்டு பணிவுக் கோட்பாட்டை உருவாக்கி 1978 இல் வெளியிட்டனர். அவர்கள் சான்றாக எடுத்துக்கொண்ட மொழிகளுள், கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பேசப்பட்ட தமிழும் ஒன்று. 1981 இல் வெளியான பேச்சின் வடிவங்கள் என்னும் நூலில், சொற்களை ஒலிப்பவர், அவற்றை அமைத்தவர், அவற்றுக்குப் பொறுப்பேற்பவர் ஆகிய மூவரும் எப்போதும் ஒருவராகவே இருப்பதில்லை என்று காட்டினார்.

இறுதிக் காலம்

1958 முதல் பெர்க்லியிலும் 1968 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். மனிதரை வெறும் நடிகராகக் காட்டினார் என்ற விமர்சனம் இவர்மீது உண்டு. எனினும், நாடகம் என்பது ஒரு சாரக்கட்டு மட்டுமே என 1959 ஆம் ஆண்டு நூலின் முடிவிலேயே இவர் தெளிவுபடுத்தியிருந்தார். 1982 இல் அமெரிக்கச் சமூகவியல் கழகத்தின் தலைவராக இருந்தபோதும், புற்றுநோய் காரணமாகத் தமது தலைமையுரையை நேரில் ஆற்ற இயலவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் காலமானார். நேருக்கு நேர் சந்திப்பின் ஒழுங்கைப் பற்றிய அவ்வுரை 1983 இல் அச்சில் வெளியானது.