வ. வே. சு. ஐயர் – துப்பாக்கியிலிருந்து எழுதுகோலுக்கு



தமிழ்ச் சிறுகதையின் தோற்றம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது வ. வே. சு. ஐயரின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுவீர்கள். சிறுகதை எழுதுவதற்கு முன்னர் அவர் இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் என்பதை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அவருடைய வாழ்க்கையை இனி நோக்குவோம்.

இளமையும் இலண்டனும்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2 இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். சட்டம் பயின்று திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் சட்டத்தரணியாகப் பணியாற்றினார். 1907 இல் பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் இலண்டன் சென்றார். அங்கே இந்திய மாணவர்கள் கூடிய ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியில் சாவர்க்கரின் நட்புக் கிடைத்தது. ஆயுதத்தாலேயே நாடு விடுதலை பெறும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது.

அவ்விடுதியோடு தொடர்புடைய மதன்லால் திங்ரா நகரிலிருந்த சுடுகூடத்தில் குறிபார்த்துச் சுடப் பழகினார். 1909 யூலை 1 இல் கேர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17 இல் தூக்கிலிடப்பட்டார். 1910 இல் பொலிஸார் ஐயரையும் தேடினர். அவர் சீக்கியர் வேடம் பூண்டு தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரியில் பயிற்சி

பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கே இருந்தனர். ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்பித்தார். கைத்துப்பாக்கி அளவிற் சிறியது, குழல் குறுகியது. கை சற்று அசைந்தாலும் குண்டு இலக்கை விட்டு விலகும். நிலையாக நிற்றல், மூச்சை அடக்குதல், பார்வையைக் குறியில் நிறுத்துதல், விசையைப் பதறாமல் அழுத்துதல் ஆகியவற்றை மீண்டும் மீண்டும் பழகினாலே குறி தப்பாது.

அவரிடம் வந்தவர்களுள் செங்கோட்டை வாஞ்சிநாதனும் ஒருவர். 1911 யூன் 17 இல் மணியாச்சிப் புகையிரதச் சந்தியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பின்னர் தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. தொடர்ந்து நடந்த சதி வழக்கில் 14 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். நீலகண்ட பிரமச்சாரிக்கு 7 ஆண்டுச் சிறை கிடைத்தது.

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி கையைப் பழக்கும். ஆனால் எதைக் குறியாகக் கொள்வது என்பதை அது கற்பிக்காது. அதை அறிவே தீர்மானிக்கவேண்டும்.

எழுத்துப்பணி

புதுச்சேரியிலேயே ஐயரின் கை எழுதுகோலையும் பற்றியது. 1915 இல் ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளியாயிற்று. குளக்கரையில் நிற்கும் மரமே ருக்மிணி என்ற பெண்ணின் துயரைச் சொல்லும் கதை அது. இரணைமடு நீர் பாயும் முரசுமோட்டையில் வாழும் உங்களுக்குக் குளமும் கரையோர மரமும் புதியவை அல்ல. அவை பேசினால் எத்தனை கதை சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். 1916 இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

1920 இல் புதுச்சேரியை விட்டு வெளியேறி, ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியரானார். காந்தியடிகளின் ஒத்துழையாமை வழியை ஏற்றார். 1921 இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். துப்பாக்கி ஏந்திய நாட்களில் பிடிபடாத அவரைச் சிறைக்கு அனுப்பியது எழுத்து! பெல்லாரிச் சிறையில் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வை எழுதினார்.

குருகுலமும் மறைவும்

1922 இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. வரதராசலு நாயுடு, பெரியார் ஈ. வெ. ராமசாமி முதலியோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். 1925 இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். நாட்டின் விடுதலைக்கு உழைத்தவரின் பள்ளியிலேயே சமத்துவம் தவறியதை நடுநிலையோடு குறிப்பிடுதல் வேண்டும்.

அதே ஆண்டு யூன் 3 இல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்ற முயன்று, 44 ஆவது வயதில் உயிர் துறந்தார்.

ஐயரிடம் பழகிய துப்பாக்கிகள் மறைந்துவிட்டன. அவர் எழுதிய கதை இன்றும் படிக்கப்படுகிறது. நீங்களும் எதைப் பழகுவது என்பதைச் சிந்தித்துத் தெரிவுசெய்யுங்கள்; பின் நாள்தோறும் பழகுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஐயர் புதுச்சேரியைப் புகலிடமாகக் கொண்டதற்கான காரணம் யாது?
2. ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சொல்வது எது?
3. ஐயரின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றங்களை இரு பந்திகளில் எழுதுக.