பனி உடைக்காத கல்லை யார் உடைத்தது? ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கதை

மோகனூரில் காவிரிக்குள் இறங்கி ஒரு கை மணலை அள்ளிப் பாருங்க. வெயிலில் மின்னும் மணிகளில் நிறைய வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். மலையில் பாறையாக இருந்தபோது அதோடு ஒட்டியிருந்த கனிமங்கள் பலவும் மக்கிக் களிமண்ணாகிவிட்டன. இது மட்டும் தாக்குப்பிடித்து ஆற்றோடு வந்திருக்கு. வெப்ப நாட்டில் பாறை இப்படித்தான் அழியும். குளிர்நாட்டில் கதையே வேற. இரண்டையும் பார்த்த ஒரு மனிதர்தான் தமிழ்நாட்டின் கற்காலத்தைக் கண்டுபிடித்தார்.

குளிர்நாட்டில் என்ன நடக்கும்?

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். அந்த மாதிரி ஊர்களில் பாறை விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் குளிர்கால இரவில் உறையும். உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிக்குதே, அதே கதைதான். வருஷக்கணக்கில் இது திரும்பத் திரும்ப நடந்தால் பாறை கூர்மையான சில்லுகளாகச் சிதறும்.

இதில்தான் ஒரு சிக்கல். பிரான்ஸின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூஷே தெ பெர்த் என்பவர் கல் கோடரிகளைச் சேகரித்து, இவை ஆதிமனிதன் செய்தவை என்றார். பலர் நம்பவில்லை. இயற்கையே உடைத்த கல்லாக இருக்கலாமே என்ற சந்தேகம். 1859-ல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது ஏற்கப்பட்டது.

பல்லாவரத்தில் ஒரு கல்

அதற்கு முந்தைய ஆண்டு, 1858-ல், ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்திருந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. குவார்ட்சைட்டில் செதுக்கிய கைக்கோடரி. அப்போது அவருக்கு வயது 28. சில மாதங்களில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். அங்கே இன்னும் நிறைய கிடைத்தன.

இங்கே பனியைச் சந்தேகிக்க வழியே இல்லை. நம்ம சமவெளியில் தண்ணீர் உறையாது. ஊட்டி, கொடைக்கானலில்கூட சில இரவுகள்தான் உறைபனி. நாமக்கல் மலை மாதிரியான பாறைகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். மழையும் வெப்பமும் பாறையை உள்ளிருந்து மக்கவைக்கும். கரைவதெல்லாம் போக, மிஞ்சும் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும். அந்தச் செம்புரைக்கல் சரளைக்குள்தான் கோடரி கிடந்தது. ஆறு கல்லை உருட்டி மழுக்கும், சில சமயம் உடைக்கவும் செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் சீராகச் செதுக்கி, ஒரே வடிவத்தில் கல்லுக்குப் பின் கல்லாகச் செய்யாது. அதைச் செய்தது கை.

ஏற்காட்டுக்காரர்

சேலம், திருச்சி, தென்னாற்காடு பகுதிகளின் பாறைகளைப் பற்றி கிங்கும் ஃபூட்டும் எழுதிய அறிக்கை 1864-ல் வந்தது. தமிழறிஞர் பீட்டர் பெர்சிவலின் மகளை மணந்த ஃபூட், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். அந்தச் சேர்வராயன் மலை உச்சியிலும் பாறை மக்கி பாக்சைட்டாகியிருக்கு. வெப்ப நாட்டுச் சிதைவின் உச்சக்கட்டம் அது. 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கு. அவர் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அத்திரம்பாக்கக் கருவிகளின் வயது ஃபூட்டுக்குத் தெரியாது. சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, அவற்றில் பழையவை குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. 15 லட்சம் ஆண்டுகள் வரைகூட இருக்கலாம்.

மழை, வெயில், ஆறு எல்லாம் சேர்ந்தும் இத்தனை காலத்தில் அந்தக் கல்லை அழிக்க முடியவில்லை. ஆனால் சரளை அள்ளும் பொக்லைனுக்கு ஒரு பகல் போதும். கருவி லாரியில் போனால், அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவலும் கூடவே போய்விடும். அந்த அடுக்கு இல்லாமல் வயதைச் சொல்ல முடியாது. சாலை போடக் கொட்டிய சரளைக் குவியலில் இரண்டு பக்கமும் செதுக்கிய கல் தென்பட்டால் வீசிவிட வேண்டாம்; எங்கிருந்து வந்த மண் என்று கேட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. ஃபூட்டுக்கு முதல் கோடரி கிடைத்ததும் ஒரு சரளைக் குழியில்தான்.