மண்ணின் மைந்தன் பிர்சா முண்டா



எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்குடியிருப்புதான் ஊர். தாத்தா காலந்தொட்டு மரச்சீனியும் நல்லமிளகும் விளையுது. அடுத்த எல்லையில் ரப்பர் தோட்டம். எங்க மண் எங்களுக்குத்தான் என்று காட்டத் தாத்தாவிடம் காகிதம் ஒண்ணும் கிடையாது. மூட்டுக்காணியின் வாய்ச்சொல்தான் இருந்தது. அதனால்தான் பிர்சா முண்டாவின் வாழ்க்கையைப் படித்தபோது சொந்தக்காரர் கதை போலிருந்தது.

1875 நவம்பர் 15-ல், இன்றைய ஜார்க்கண்டின் உலிஹாத்து கிராமத்தில் ஏழைக் குடிசையில் பிறந்தார். ஆடு மேய்த்தார். சாய்பாசா மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார்.

முண்டா மக்களின் நிலவழக்கத்துக்குக் கூண்ட்கட்டி என்று பேர். காட்டைத் திருத்திய முன்னோரின் வம்சத்துக்கே நிலம் பொதுச்சொத்து. மூதாதையர் கல்லறைமேல் வைத்த கல்தான் அவர்களுக்குப் பட்டா! வெளியிலிருந்து வந்த ஜமீன்தாரும் வட்டிக்காரரும் கோர்ட்டில் காகிதத்தைக் காட்டினார்கள். கல் தோற்றது. சொந்தக்காரன் குத்தகைக்காரன் ஆனான். கூலியில்லாத வேலையும் அவன் தலையில் விழுந்தது.

1895-ல் பிர்சா ஜனங்களைத் திரட்டினார். உடனே கைது, இரண்டு வருஷச் சிறை. 1897-ல் இங்கே பேச்சிப்பாறை அணை வேலை தொடங்கியபோது அவர் அங்கே சிறையில் இருந்தார். வெளியே வந்து, 1899 டிசம்பரில் 'உல்குலான்' என்ற பெருங்கிளர்ச்சியைத் தொடங்கினார். அந்தக் கோபம் போலீஸ் மீது மட்டுமல்ல, மிஷன் ஆலயங்கள் மீதும் பாய்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கிக்கு முன்னால் வில் எத்தனை நாள் நிற்கும்? 1900 ஜனவரியில் சைல் ரகாப் மலையில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் பிர்சா பிடிபட்டார். ஜூன் 9-ல் ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்றது அரசு. வயசு 24!

அவர் கேட்டது வீணாகவில்லை. 1902 முதல் ராஞ்சி ஜில்லாவில் நிலம் அளந்து, கூண்ட்கட்டி உரிமையைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் கட்டுப்பாடு போட்டது.

இன்று நமக்கு 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழும் பழங்குடியினர் உரிமை கோரலாம். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. பழைய சுடுகாடும் சான்று. அன்று தோற்ற கல்லுக்கும் வாய்ச்சொல்லுக்கும் இன்று மதிப்பு வந்திருக்கிறது!

சிவில் படிக்கும் நண்பர்களே! நாளை நாமும் நிலம் அளக்கப் போவோம். கருவியை நிறுத்துவதற்கு முன்னால், இங்கே யார் பயிர் செய்தது என்று அந்த ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.

லீவுக்குப் போகும்போதெல்லாம் தாத்தா சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வர்றேன். எங்க எல்லைக்கு வரைபடமும் நானே போடுறேன்.