கொல்லன் மகன் மைக்கல் பரடே

நமது இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோர் யாவரும் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர்களே. கொழுந்து அரைக்கும் ரோலரும், சுழலும் இரும்புத் தண்டும் நமக்குப் புதியனவல்ல. அத்தகைய தண்டு ஒன்று இக்கணம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை, கையால் தொடாமலே மின்சாரத்தைக் கொண்டு அறியலாம். அதற்கு வித்திட்டவர் ஓர் ஏழைக் கொல்லனின் மைந்தர் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவரே மைக்கல் பரடே.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்திற் பிறந்தார். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பள்ளியிற் கற்றவை. பதினான்காம் வயதில், புத்தகம் கட்டும் கடையொன்றிலே தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். 1812இல், கடைக்கு வரும் அன்பர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டினால் சேர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். கேட்டவற்றை எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813 மார்ச்சில் றோயல் இன்ஸ்டிடியூசனில் உதவியாளரானார். சம்பளம் வாரத்திற்கு 25 சிலிங்.

அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பா சென்றபோது, வேலையாளைப் போல நடத்தப்பட்டு மனம் நொந்தார். ஆயினும் கற்பதைக் கைவிட்டாரில்லை.

1831 ஆகஸ்ட் 29ஆந் திகதி, இரும்பு வளையமொன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றிலே மின்சாரத்தைச் செலுத்தினார். மற்றதனோடு இணைந்த காந்த ஊசி ஒருகணம் அசைந்து ஓய்ந்தது. மின்சாரத்தை நிறுத்தியபோது மீண்டும் அசைந்தது. ஒக்டோபரில் காந்தத்தைச் சுருளினுள் நுழைத்தும் எடுத்தும் பார்த்தார். காந்தம் அசைந்தால் மின்சாரம் உண்டு. அசையாது கிடந்தால் இல்லை. மாற்றமே மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியாயின் நின்றுவிட்ட தண்டின் கோணத்தை அறிவது எவ்வாறு? பின்வந்த பொறியியலாளர் இதற்கு எளிய வழி கண்டனர். தண்டோடு சுழலும் சுருளுக்கு ஆடலோட்ட மின்சாரத்தை ஊட்டினர். தண்டு நின்றாலும் காந்தப் புலம் மாறிக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சுருள்களை நிலையாக வைத்தனர். சுழலும் சுருள் ஒன்றுக்கு நேராக நிற்கையில் அதிலே மின்னழுத்தம் உச்சமாகும். மற்றதில் இல்லாது போகும். இடைப்பட்ட நிலைகளில் இரண்டின் விகிதமும் குறியும் கோணத்தைக் காட்டிவிடும். ஊட்டும் மின்சாரம் சற்றுக் குறைந்தாலும் விகிதம் மாறாது. தூசியும் எண்ணெயும் படிந்த இடத்திலும் இது பணிபுரியும். ரிசோல்வர் எனப்படும் இக்கருவி இன்று இயந்திரங்களிலும் விமானங்களிலும் மின்சாரக் கார்களிலும் பயன்படுகிறது.

பரடே புகழை நாடியவரல்லர். றோயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை, நத்தார்க் காலத்தில் இளையோருக்கென விரிவுரைத் தொடர்கள் நிகழ்த்தினார். 1867 ஆகஸ்ட் 25ஆந் திகதி உலக வாழ்வை நீத்தார்.

முன்னாளில் நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றிலே ஐந்தாம் வகுப்போடு கல்வி நின்றது. அதனால் எத்தனை பரடேக்களை நாம் இழந்தோமோ! பெரியோர்களே, வறுமையைக் காரணங் காட்டிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். இளைஞர்காள், கைக்கெட்டிய நூலை விடாதீர்கள். அசையாத காந்தத்தால் மின்சாரம் பிறவாது. முயலாத வாழ்விலும் ஒளி பிறவாது.