கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி

ஒரு சிறிய சமையலறை தம்மை உருவாக்கியவரின் பிற பணிகளையெல்லாம் மறைத்துவிட்ட கதை, மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி அம்மையாரின் கதை. இதில் அவருக்கே மனக்குறை இருந்தது.

1897 சனவரி 23ஆம் நாள் வியன்னாவில் பிறந்த அவர், 1915இல் அந்நகரின் கலைத்தொழிற் பள்ளியில் சேர்ந்தார். பெண்ணொருத்தியை நம்பி வீடு கட்டச் சொல்வோர் உண்டோ என்று ஐயுற்ற காலம் அது. தொழிலாளர் குடியிருப்புப் போட்டி ஒன்றிற்கு அவர் வரையத் தொடங்கியபோது, முதலில் அம்மக்கள் வாழும் தெருக்களைப் பார்த்துவருமாறு ஆசிரியர் ஓஸ்கர் ஸ்ட்ர்நாட் பணித்தார். அங்கே கண்ட நெருக்கடி அவர் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. போருக்குப்பின் வீடற்றோர் குடியேற்றத் திட்டங்களில் அடோல்ஃப் லூசுடன் பணியாற்றினார்.

1926இல் எர்ன்ஸ்ட் மை அழைக்க, பிராங்க்ஃபர்ட் சென்றார். அங்குதான் அச்சமையலறை பிறந்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். புகைவண்டி உணவுப்பெட்டியின் சமையற்கூடமே முன்மாதிரி. ஓரடி வீணாக நடவாதபடி அடுப்பும் மேசையும் தொட்டியும் அமைந்தன. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் பூச்சி அண்டாத ஓக் மரம். ஈக்களை விலக்குமென்று கருதி நீல வண்ணம் பூசினார். பிள்ளையின்மேல் தாயின் கண் இருக்கும்படி, கூடத்திற்கும் சமையலறைக்கும் இடையே நகரும் கதவு வைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இதை வரைந்தவர் அதுவரை சமைத்தே அறியாதவர்! பெண்ணைத் தனியே அடைத்துவைக்கும் அறை இதுவெனப் பிற்காலப் பெண்ணியர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வேலைக்குச் செல்லும் பெண்ணின் நேரத்தை மீட்டுத் தருவதே அவர் நோக்கம் என்பதையும் மறத்தலாகாது.

1930இல் மையின் குழுவோடு மாஸ்கோ சென்று, புதிய தொழில் நகரங்களுக்குக் குழந்தைகள் இல்லங்களை வடிவமைத்தார். 1938இல் இஸ்தான்புல் சேர்ந்து, புரூனோ டௌட்டின் துணையால் பணி பெற்று, துருக்கியக் கிராமப் பள்ளிகளுக்கு வரைபடங்கள் தீட்டினார். அங்கே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் கட்டிடக் கலைஞர் ஹெர்பர்ட் ஐக்ஹோல்ட்சரின் தொடர்பால் நாசி எதிர்ப்பு இயக்கத்தில் இணைந்து, 1940 டிசம்பரில் தாமாகவே வியன்னா திரும்பினார். சில வாரங்களே கடந்தன. 1941 சனவரி 22ஆம் நாள், நாற்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பிடிபட்டார். ஐக்ஹோல்ட்சர் 1943இல் கொல்லப்பட்டார். அம்மையாருக்குப் பதினைந்தாண்டுச் சிறை. பவேரியாவின் ஐக்ஹாக் சிறையிலிருந்து 1945 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படையினரால் விடுதலை பெற்றார்.

விடுதலைக்குப்பின் பல்கேரியா சென்று, சோஃபியா நகரில் குழந்தைப் பள்ளிகளை வடிவமைத்தார். 1947இல் தாயகம் மீண்டபோது, அந்நாட்டிற்காக உயிரைப் பணயம் வைத்த அவரைப் பொதுவுடைமையர் என்ற ஒரே காரணத்தால் அரசுப் பணிகள் அணுகவில்லை. வியன்னா நகரம் அவருக்களித்த பணிகள் மிகச் சிலவே. காபௌன் சதுக்கத்திலும் ரின்பொக் தெருவிலும் எழுந்த குழந்தைப் பள்ளிகள் அவற்றுள் அடங்கும்.

புகழ் முதுமையில் வந்தது. 1980இல் வியன்னா நகரம் பரிசளித்தது. 1988இல் நாட்டின் உயர் விருது வந்தபோது, அதை வழங்கவிருந்தவர் குர்ட் வால்ட்ஹைம். அவரது போர்க்கால வாழ்வை எண்ணி மறுத்துவிட்டார். 1992இல், வால்ட்ஹைம் பதவி நீங்கிய ஆண்டில், ஏற்றுக்கொண்டார். நூறாம் பிறந்தநாளில் நகர மேயருடன் வால்ட்ஸ் நடனமும் ஆடினார். 2000 சனவரி 18இல் மறைந்தார். நூற்று மூன்றுக்கு ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன.

புதுப்பித்தலின்போது பிராங்க்ஃபர்ட் சமையலறைகளில் பெரும்பாலானவை பெயர்த்தெறியப்பட்டன. தப்பியவற்றுள் சில நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. பிராங்க்ஃபர்ட்டின் ரோமர்ஸ்டாட் குடியிருப்பிலுள்ள எர்ன்ஸ்ட் மை இல்லத்திலும் ஒன்றைக் காணலாம். அம்மையார் தமக்கென வடிவமைத்து இறுதிவரை வாழ்ந்த வியன்னா பிரான்சன் தெரு வீடு, 2022 முதல் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டது.