முப்புரிக் கயிறு கண்ட பேராசிரியர்

மாமல்லபுரம் கடற்கரையில் படகு கட்டும் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். நம் தோலிலும் எலும்பிலும் அப்படி ஒரு கயிறு இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத அந்தப் புரதத்தின் பெயர் கொல்லாஜன். அது முப்புரிக் கயிறு என்று உலகுக்குச் சொன்னவர், சென்னையில் பணியாற்றிய பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன்.

ராமன் காட்டிய வழி

அவர் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ராமச்சந்திரன், மின்சாரப் பொறியியல் படிக்கப் பெங்களூர் சென்றார். அங்கே சர் சி.வி. ராமன் அவரைத் தம் பௌதிகத் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி செய்தார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையின் தலைவரானார். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் ஊக்கம் கொடுத்தார். கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-லும் 1955-லும் கொல்லாஜனின் அமைப்பை அவர் வெளியிட்டார்.

எழுந்தது எதிர்ப்பு

இங்கிலாந்திலிருந்து கிரிக், ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் குறை கூறினர். ராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன, அது நடவாது என்றனர்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதையே அளந்துவிடுவது என்று முடிவு செய்தார். வெளிவந்திருந்த படிக ஆராய்ச்சிகளை எல்லாம் புரட்டி, மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் கணக்குப் போட்டார். மேஜைக் கணக்குப் பொறிதான் துணை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பக் கூடாது என்று ஒரே படத்தில் வரைந்தார்கள். 1963-ல் அது வெளியாயிற்று. அதுவே ராமச்சந்திரன் வரைபடம்.

எந்த அணு முதலாவது?

ஒரு கோணத்தைச் சொல்ல நான்கு அணுக்களை வரிசையாக எடுக்க வேண்டும். வரிசை தவறினால் கோணமும் தவறிவிடும். கோணத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதிலும் கூடத்துக்குக் கூடம் வழக்கம் வேறுபட்டது. ஒருவர் கணக்கு மற்றவருக்குப் பயன்படவில்லை. 1966-ல் ஏழு விஞ்ஞானிகள் கூடிப் பொது விதிகளை முன்வைத்தனர். அவர்களில் ராமச்சந்திரனும் ஒருவர். பின்னர் அவ்விதிகள் திருத்தப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்பது நிலைத்தது.

இன்று கம்ப்யூட்டரில் புரத உருவம் அமைப்பவர்கள் அதை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளி விலக்கப்பட்ட இடத்தில் விழுந்தால், அணு இடம் மாறிற்றா, பெயரோ எண்ணோ மாறிற்றா என்று தேடுகிறார்கள்.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். குறை சொன்னவர்களுக்கு அவர் அளித்த பதில், இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.