இன்னொரு நியூட்டன்

நியூட்டன்னு சொன்னதும் உங்களுக்கு ஆப்பிளும் மூணு விதிகளும்தான் ஞாபகம் வரும். இது அவர் கதை இல்லை நண்பர்களே. அவர் கண் மூடுவதற்குச் சுமார் 2 வருஷம் முன்னால், 1725-ல் அதே இங்கிலாந்தில் பிறந்த ஜான் நியூட்டனின் கதை. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீங்க. அதை எழுதியவர் இவர்தான்.

அப்பா கப்பல் தலைவர். அம்மா பக்தியுள்ளவர். மகன் ஒருநாள் போதகராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, சின்ன வயசிலேயே வேதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஜானுக்கு 7 வயசு முடியும் முன்பே காசநோயில் போய்விட்டார். 11 வயதில் பையன் அப்பாவோடு கடலுக்குப் போனான். 1744-ல் கடற்படை அவனை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது. தப்பி ஓடினான், மாட்டினான், கசையடி வாங்கினான். கடவுளைக் கேலி செய்வதே பொழுதுபோக்கு. கெட்ட வார்த்தையில் மாலுமிகளையே மிஞ்சுவானாம்! கடைசியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பசியிலும் காய்ச்சலிலும் கிடந்தான்.

அங்கிருந்து மீண்டு ஊர் திரும்பும்போதுதான், 1748 மார்ச்சில், அட்லாண்டிக் கடலில் புயல். கப்பலின் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே வந்தது. மணிக்கணக்காகத் தண்ணீர் இறைத்துக் களைத்தவன், பல வருஷத்துக்குப் பிறகு கடவுளை நினைத்தான். கப்பல் எப்படியோ அயர்லாந்துக் கரையைத் தொட்டது. அந்த மார்ச் 21-ஐ வாழ்நாள் முழுக்க நன்றியோடு நினைவுகூர்ந்தார் நியூட்டன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும், இல்லையா? கெட்டவன் திருந்திட்டான், சுபம். பல பேர் இந்தக் கதையை இங்கேயேதான் முடிக்கிறாங்க. ஆனா நடந்தது அது இல்லை.

திரும்பி வந்தவர் போனது அடிமைக் கப்பலுக்குத்தான். 1750-லிருந்து 1754 வரை 3 பயணங்களுக்கு அவரே கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளோடு ஜெபம். அந்தத் தளத்துக்குக் கீழே சங்கிலியில் பூட்டிய மனிதர்கள். கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில், சிறுவர்களைக் கட்டைவிரல் நசுக்கும் கருவியில் மாட்டி விசாரித்ததைத் தன் கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். வேதம் படித்த கையேதான் அதையும் எழுதியது. 1754-ல் அவர் கடலை விட்டதுகூட மனசாட்சி உறுத்தியதால் இல்லை. திடீரென்று வலிப்பு வந்து விழுந்தார், மருத்துவர்கள் போக வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரி வேலை. சபையில் குருவாக வேண்டும் என்று கேட்டு, பல வருஷம் மறுக்கப்பட்டு, 1764-ல்தான் ஓல்னி என்ற சின்ன ஊரில் பொறுப்பு கிடைத்தது. லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர் அது. மனச்சோர்வில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த கவிஞர் வில்லியம் கூப்பரை அங்கே கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். இருவரும் எழுதிய பாடல்கள் 1779-ல் புத்தகமாக வந்தன. அந்தப் பிரபலமான பாட்டும் அதில்தான் இருக்கிறது.

எல்லாம் சரி, அடிமை வியாபாரம்? அதைப் பற்றி வெளிப்படையாக வாய் திறக்க அவருக்கு 34 வருஷம் ஆனது. நாம ஒரு அரியரை ரெண்டு செமஸ்டர் இழுத்தாலே வீட்டில் என்ன நடக்கும்!

1785-ல் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது எம்.பி., அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு அவரைத் தேடி வந்தார். பதவியில் இருந்தபடியே கடவுளுக்கு உழைக்கலாம் என்று அனுப்பி வைத்தார் நியூட்டன். 1788-ல் தன் பங்குக்கு ஒரு சிறு நூல் எழுதினார். கப்பலில் பார்த்ததையும் செய்ததையும் பெரிதாக மறைக்காமல் சொன்னார். இந்த ஒப்புதல் மிகவும் தாமதம் என்பதையும் ஒத்துக்கொண்டார். நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதே வருஷம் டிசம்பரில், பார்வை மங்கிய நிலையில், 82 வயதில் அவர் காலமானார்.

அவர் கப்பலில் செத்தவர்களை எந்த மன்னிப்பும் திருப்பிக் கொண்டுவராது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாரத்தைக் காரணம் காட்டிக் கடவுளை விட்டு அவர் ஓடவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லி, செய்ததைப் பாய்க்கு அடியில் தள்ளவும் இல்லை. தெரிந்ததை சாட்சியாகக் கொடுத்தார்.

நீங்களும் ஒருவேளை அப்படி ஓர் இடத்தில் நிற்கலாம். ஜெபம் பண்றேன், ஆனா அந்தப் பழக்கம் போகலை, அந்தத் துரோகத்தைச் சொல்லலை, இனி எந்த முகத்தோட கடவுள்கிட்ட போறதுன்னு நினைக்கலாம். முழுசா சரியான பிறகு வரலாம்னு காத்திருக்காதீங்க. நியூட்டன் அப்படிக் காத்திருந்தால் வந்தே இருக்க மாட்டார். வந்தாச்சேன்னு நிம்மதியா உட்காரவும் வேண்டாம். மேல்தளத்தில் ஜெபம் நடக்கும்போது நம்ம கீழ்த்தளத்தில் யார் இருக்காங்கன்னு குனிஞ்சு பாருங்க. அதுக்கு 34 வருஷம் எடுத்துக்கணும்னு அவசியம் இல்லை.